யாழினியிடம் கேட்ட முகவரி

அன்புள்ள அம்மாவுக்கு,

ஓசூரிலிருந்து உன் மகள் எழுதுவது. முட்டுவலி தேவலையா? நான் சுகம். நீ என் போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

பயப்பட ஒன்றுமில்லை. நேற்று சாயங்காலம் மதுரைத் திருநங்கை யாழினி சமைத்துக் காட்டும் லைவ் பார்த்துக்கொண்டிருந்தேன். எவனோ கமெண்டில் அவளைக் கேவலமாக எழுதினான். உடனே சூரியகாந்திப் படம் வைத்த ஒருத்தர், "ஏலே, அவளும் ஒருத்தி வயித்துல பொறந்தவதாம்லே, வாயை அடக்கு" என்று எழுதினார். பெயரைப் பார்த்தால், நீ!

நான் யார் வயிற்றில் பிறந்தேனம்மா? மூன்று வருஷத்துக்கு முன் நான் முதன்முதலாகச் சேலை கட்டி வந்து நின்றபோது, "தெருவுல எப்படிலே தலைகாட்டுவேன்" என்று கதவைச் சாத்தினாயே.

அவளுடைய பழைய வீடியோக்களையெல்லாம் தேடிப் பார்த்தேன். முதலில் மீன்குழம்புக்குப் புளி எவ்வளவு என்றுதான் கேட்டிருக்கிறாய். இப்போது தினமும், "சாப்பிட்டியா மக்கா?" சந்தோஷம்தான். ஆனாலும் வயிறு எரிகிறது. அவள் குழம்பு அடிப்பிடிக்கட்டும் என்றுகூட நினைத்தேன்.

குற்றாலத்து மங்குஸ்தான் அனுப்ப அவளிடம் முகவரி கேட்டிருக்கிறாய். அவள் தரவில்லை. அவளுக்கு ஊரெல்லாம் அம்மாமார். என் முகவரி கவருக்குப் பின்னால் இருக்கிறது. தலைக்குத் தேய்க்க உன் எண்ணெயும் ஒரு பாட்டில் வை, இங்கே முடி கொட்டுகிறது.

ஷிப்ட் வண்டி வந்துவிட்டது. ஒன்றே ஒன்று: பார்சலில் பழைய பெயர் இருந்தால் ஹாஸ்டலில் வாங்க மாட்டார்கள். அவளுக்கு "மக்கா" என்று அடித்த அதே கையால் என் பெயரை எழுதும்மா:

உலகம்மை