தாடியோடு வா

அன்பு மகனுக்கு,

உன் சித்தப்பா சொல்லச் சொல்ல எதிர்வீட்டுக் கம்பவுண்டர் எழுதுகிறார். இங்கே நானும் உன் அப்பாவும் இருக்கிறோம். அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு எழுத்துதான் தெரியாது, நினைவு நன்றாக இருக்கிறது. அதனால் ஒரு வார்த்தை விடாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

பேரனுக்கு முதல் முடி தாத்தா கையால்தான் வெட்ட வேண்டும், அடுத்த மாதம் கூட்டி வருகிறேன் என்று போனில் சொன்னாயாம். "கை அப்படியேதான்டா இருக்கு, தாராளமா கூட்டிட்டு வா" என்றாராம் என் அண்ணன். போனில் நன்றாகத்தான் பேசுவார். குரலுக்கு இன்னும் மறதி வரவில்லை. சின்னப் பிள்ளைகளை உட்கார வைக்க நாற்காலிக் கைகளின் மேல் குறுக்கே ஒரு பலகை போடுவோமே, அதைப் பரணிலிருந்து இறக்கித் தினமும் கழுவித் துடைக்கிறார். நீ உட்கார்ந்த பலகைதான். உனக்கு முதல் முடி எடுத்த அன்றைக்கு அவர் கட்டைவிரலை ரத்தம் வரக் கடித்தாய். அந்த விரலோடுதான் உன் இடது காதுக்குப் பின்னால் இருக்கும் மச்சத்தில் படாமல் கத்தியை வளைத்து ஓட்டினார். அந்தக் கையை நினைத்துத்தான் நீ கேட்டிருப்பாய்.

எங்கள் அப்பா வைத்த சட்டம் உனக்குத் தெரியும். தன் முகத்தைத் தானே மழிக்கிறவனுக்கு அடுத்தவன் முகம் இளப்பமாகிவிடும் என்பார். அதனால் அண்ணன் முகத்தை நான், என் முகத்தை அண்ணன். எங்கள் சலூன் கடையை மூடி நாற்காலியை வீட்டு முன்னறையில் போட்ட பிறகும் அதை விடவில்லை. இப்போது என் கன்னம் பூனைச் சண்டைக்கு நடுவில் போய் வந்த மாதிரி இருக்கிறது. என் முகத்துக்குப் பஞ்சு விற்றே ஒரு மருந்துக்கடை பிழைக்கலாம் என்கிறார் கம்பவுண்டர்.

போன மாதம் குரல்வளை ஓரத்தில் இழுத்துவிட்டார். தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்தால், வாசலில் நின்ற அண்ணனே கேட்கிறார், "எந்தத் தொழில் தெரியாத பய உன்னை இப்படி அறுத்தான்" என்று. நான் வாயைத் திறப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு முக்குக் கடைக்குப் போய்விட்டார். "கழுத்துன்னா என்னன்னு தெரியுமாடா உனக்கு" என்று அந்த சலூன்காரனை நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டார். அவன் என்னைத் தொட்டதே இல்லை. என் தையலைப் பார்த்தான், அண்ணனின் சட்டைக்கையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தான், தப்புத்தான் பெரியவரே என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான்.

மறுநாள் பிளேடைக் கழற்றிவிட்டு வெறும் கத்திப்பிடியைக் கொடுத்தேன். நுரையைப் பூசி அழகாக வழித்தார். வெட்டும் இல்லை, காயமும் இல்லை. தப்பித்தேன் என்று இருந்தேன். கடைசியில் முடி போகிற திசைக்கு எதிராக விரலால் ஒரு தடவு தடவிப் பார்ப்போமே, அதை மறந்து போனேன், இத்தனை நினைவு இருந்தும். அவர் மறக்கவில்லை. முள் முள்ளாகக் கையில் பட்டதும் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். "என் கை செத்துப் போச்சுடா" என்று தேம்பினார். அண்ணி செத்த அன்றுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

போகட்டும், மறந்துவிடுவார் என்று நினைத்தேன். மறந்தார். அதனால் அடுத்த நாள் புதிதாக அழுதார். அதற்கடுத்த நாளும். அவருடைய கை தினமும் செத்தது. தினமும் நானே அதைக் கொன்றேன். ஒரு வாரத்துக்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. பிளேடை மாட்டிக் கொடுத்துவிட்டேன். கம்பவுண்டர் இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திட்டினார். அதையும் எழுதச் சொன்னேன்.

என் முகத்தைப் பார்த்தால் கத்தியைப் பிடுங்க வேண்டிய காலம் எப்போதோ தாண்டிவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தால் இன்னும் வரவில்லை போலிருக்கிறது. ஆனால் இது என் கழுத்து, நான் கொடுக்கலாம். பேரனுடையதை நான் எப்படிக் கொடுப்பேன்? அவனை வரவேண்டாம் என்று நான் சொன்னால், தம்பிக்குப் பொறாமை என்பார். கடைக்கு வந்த பெரிய மனிதர்கள் எல்லாம் அவரிடம் போனார்கள், பேன் தலைகள் எல்லாம் என்னிடம் வந்தன என்று இன்னும் சொல்லிக் காட்டுகிறவர்.

அதனால் நீ தனியாக வா. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம். எத்தனை முறை சொன்னாலும் புதிதாக நம்புவார். கத்தியைப் பிடுங்குவதென்றால் நீ பிடுங்கு, நான் தடுக்க மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு காலை அந்த நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தைக் கொடுத்துவிட்டுப் பிடுங்கு. வரும்போது முகம் மழிக்காமல் வா. நன்றாகத் தாடி வளர்த்துக்கொண்டு வா, மகனே. என் முகத்தில் இனி இடம் இல்லை.

பேரன் தலைமுடி தோள் தொட, இடுப்பு தொட வளரட்டும்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
(இடதுகைப் பெருவிரல் ரேகை)