ஒன்பது பிள்ளை பெற்ற குழந்தை

அன்புள்ள தங்கச்சி,

கப்பலில் வந்து நம் ஊரைத் தோற்றுவித்த ஹோப்குட் பெரியவரோடு நம்மை இணைக்கிறானே, அவருடைய மகன் ஜெடிடயா, அவன் இரண்டு வயதில் இறந்துபோனவன். அவனுக்கு ஒன்பது பிள்ளைகள் என்று வம்ச வரைபடத்தில் எழுதிய மேதை நான்தான்.

கண்டுபிடித்தவள் ஊர் ஆவணக் காப்பாளர் பெர்னிஸ். தேவாலயப் பதிவேட்டைக் காட்டி, “ஏன்யா, பல்லு முளைச்சதுமே கல்யாணமா?” என்று சிரித்தாள்.

அந்தக் காலத்தில் ஒரு பிள்ளை இறந்தால் அடுத்ததற்கு அதே பெயரை வைப்பார்கள் அல்லவா? இன்னொரு ஜெடிடயா கிடைப்பான் என்று பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அடுத்துப் பிறந்த மூன்றும் பெண்கள். அதோடு தகப்பனும் போய்ச் சேர்ந்துவிட்டார். நம்முடைய ஜெடிடயா யார் பெற்ற பிள்ளையோ, தெரியாது.

இது நடந்து ஆறு வருடம். ஒரு புட்டி மேப்பிள் பாகு கொடுத்து பெர்னிஸின் வாயை அடைத்தேன். உன்னிடம் சொல்ல வந்த அன்றுதான் நீ உன் மகனுக்கு அந்தப் பெயரை வைத்திருந்தாய்.

பெயர் பழங்காலத்தது என்று பள்ளியில் அவனை, “ஏய் தாத்தா, குதிரையைக் கட்டிட்டு வா!” என்று கேலி செய்கிறார்களாம். “போடா, எங்க பாட்டன் உண்டாக்கின ஊருடா இது!” என்கிறானாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் தொப்பையைப் பார்த்தால் நீ நம்பமாட்டாய்.

வருகிற சனிக்கிழமை பெரியவரின் நினைவுக் கல்லை அவன் கையால் திறக்கவைக்கப் போகிறாய். வேண்டாம் அம்மா. குழந்தையை மேடையேற்றாதே. பழி முழுவதும் என்னுடையது.

தலைகுனிந்து,
உன் அண்ணன்

பி.கு.: சனிக்கிழமை வரவேற்புரை நான்தான். விழா முடிந்து, திங்கட்கிழமை இதைத் தபாலில் சேர்க்கிறேன்.