கண்ணை மூடி ஆடிய சுற்று

கோரமண்டல்,
ஞாயிறு மாலை

அன்பு மகன் டைட்டஸுக்கு,

கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் இங்கே சுகம். நீ சுகமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதமே, அதனால் எல்லாரும் எழுதுகிற வரிதானே என்று இதைத் தாண்டிப் போகாதே. தான்சானியாவுக்குத் தபாலில் போட்டுவிட்டுக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. மனோகர் லீவு முடிந்து உன் மைன் கேம்புக்கே திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். அப்பாவுக்கு இருமல் பரவாயில்லை, மாத்திரையை மட்டும் ஒளித்து வைத்துவிட்டுச் சாப்பிட்டேன் என்கிறார். மாரிகுப்பம் அத்தை வீட்டுக் கூரைக்குப் புது ஷீட் போட்டாயிற்று. பெரிய செய்தி என்னவென்றால், உன் அம்மா டான்ஸ் ஆடுகிறாள். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

சர்ச் ஹால் சாவி என்னிடம் இருப்பது உனக்குத் தெரியும். காலேஜ் பிள்ளைகளுக்கு பால்ரூம் டான்ஸ் ஆரம்பப் பாடம் என்று சனிக்கிழமை மத்தியானங்களில் ஹாலைக் கேட்டார்கள். சொல்லிக் கொடுக்க பெங்களூரிலிருந்து ரயிலில் வருகிற பெண் மாயா, உன்னை விடச் சின்னவள், ஆனால் அதட்டுவதில் உன் ஹெட்மாஸ்டர் தோற்றார். நான் கதவைத் திறந்து விட்டு ஓரமாக உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். பெண்களில் ஒரு ஆள் குறைகிறது, நீங்க வாங்க ஆன்ட்டி என்று இழுத்து நிறுத்திவிட்டாள். பெண்கள் வட்டமாக நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், அவள் கை தட்டினால் பையன்கள் அடுத்த பெண்ணிடம் நகர வேண்டும், யாரும் யாரையும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, காலைக் குனிந்து பார்க்கக் கூடாது. நான் வால்ட்ஸில் ரூபேஷின் காலை மிதிக்காத வாரமே இல்லை. பாவம், இப்போதெல்லாம் அந்தப் பிள்ளை ஷூ போட்டுக்கொண்டு வருகிறான்.

போன சனிக்கிழமை ஆடிக்கொண்டிருக்கும்போது பூமி இடித்தது. நம் தங்க மைன் மூடி இத்தனை வருஷம் ஆகியும், கீழே பாறை நொறுங்கி எப்போதாவது அப்படி இடிக்கத்தான் செய்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டார்கள், மாயா மட்டும் கை தட்டிக்கொண்டே இருந்தாள். நம் மைன் லைன் வீடுகளில் எப்படி என்று நீ மறந்திருக்க மாட்டாய். இடித்த உடனே வீட்டில் இருக்கிறவர்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவர்கள் இருக்கேன் என்று சொல்ல வேண்டும், அப்புறம்தான் மூச்சு விடுவோம். எனக்கும் வாய்ப் பழக்கம். அப்பா பேரைக் கூப்பிட்டேன், கூடவே உன் பேரையும் கூப்பிட்டுவிட்டேன். அப்பா வீட்டில் இருந்தார், அவர் எங்கே பதில் சொல்வது? ஆனால் ஹாலின் கடைசியில், பியானோவைத் துணி போட்டு மூடி வைத்திருக்கும் மூலையிலிருந்து, “இருக்கேம்மா” என்று கேட்டது. சளி பிடித்தால் உன் குரல் அடைக்குமே, அந்தக் குரல். பையன் யாரோ விளையாடுகிறான் என்று நினைத்தேன். அந்த மூலையில் யாரும் இல்லை.

ஆடிய பையன்களில் விநாயக் தன் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்கு ஓடினான். ஒரு பையன் குறைந்ததால் சுற்றுக்கு ஒரு பெண் தனியாக நிற்க வேண்டும். மாயா மறுபடி பாட்டைப் போட்டு, இந்த முறை பெண்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், எதிரில் இருப்பவர் கை சொல்கிறபடி போய்ப் பழகுங்கள் என்றாள். மூடினேன். கை தட்டினாள், அடுத்த ஆள் வந்து என் கையைப் பிடித்தது. மைன் ஷாஃப்டுக்குள்ளிருந்து வரும் காற்று மாதிரி கை சில்லென்று இருந்தது. முதுகில் வைத்த கை அழுத்தவே இல்லை, ஆனால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. சுண்டு விரல் வளைந்திருந்தது. மைன் கழிவு கொட்டிய சயனைடு மேட்டில் சறுக்கி விளையாடி நீ ஒடித்துக்கொண்டாயே, சரியாகவே சேராத விரல், அதே வளைவு. எனக்குப் பயமே வரவில்லை என்பதுதான் இப்போது பயமாக இருக்கிறது. கை தட்டியதும் கண்ணைத் திறந்தேன். எதிரில் யாரும் இல்லை, பக்கத்துப் பெண்ணிடமிருந்து ரூபேஷ் அப்போதுதான் என்னிடம் வந்துகொண்டிருந்தான். மாயா வந்து, “ஆள் இல்லன்னா நின்னுடணும்னு சொன்னேனே ஆன்ட்டி, இன்னாத்துக்குத் தனியா ஆடினீங்க? ஆனா ஒரு ஸ்டெப் கூடத் தப்பல நீங்க” என்றாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, “கீழ எறங்கினவன் பேரை மேல இருந்து கூப்பிடக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? அவன் வெளிய வந்தப்புறம்தான் கூப்பிடணும்” என்றார். தெரியும் மகனே, ஷிப்டுக்குப் போனவர்களை விட்டுவிட்டுத்தான் கூப்பிடுவோம். நீ தூர தேசத்தில் இருக்கிறாய் என்றே நினைத்துப் பழகிவிட்டேன், அங்கேயும் தரைக்குக் கீழேதான் இருக்கிறாய் என்பது அந்த நிமிஷம் மறந்துவிட்டது. கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் கெட்டது என்பார்கள். பதில் வந்தால் என்ன என்று கேட்டேன். அப்பா எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அன்றிலிருந்து உனக்குப் போன் அடிக்கிறேன், எடுக்கவில்லை. கேம்பு ஆபீஸில் எல்லாரும் நலம் என்று யாரோ ஒருவர் சொன்னார், உன்னைக் கூப்பிடச் சொன்னால் லைன் போய்விட்டது. உன் நம்பரிலிருந்து ஒரே ஒரு மெசேஜ் வந்தது, இருக்கேம்மா என்று. நீ எனக்கு என்றைக்கும் இங்கிலீஷ் எழுத்தில்தான் தட்டி அனுப்புவாய். இது தமிழில் இருந்தது. அப்பா, பிள்ளை தமிழில் எழுதியிருக்கிறான், சந்தோஷப்படு என்கிறார். அவரும் ராத்திரி தூங்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, டபுள் ஷிப்டு பார்க்காதே, ஜெபம் பண்ணாமல் கீழே இறங்கும் கூண்டில் ஏறாதே. விரலைப் பார்த்து இதைக் கொடு என்று மனோகரிடம் சொல்ல வாயெடுத்தேன், ஹாலில் என்னைப் பிடித்த அந்தக் கைக்கும் விரல் வளைந்துதான் இருந்தது என்று நிறுத்திக்கொண்டேன். கையைப் பிடித்துப் பார், சூடு இருந்தால் மட்டும் கொடு என்று சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்குப் பைத்தியம் என்று அவன் நினைத்தால் நினைக்கட்டும். வாங்கியதும் எனக்குப் போன் பண்ணு. இருக்கேன் என்று மட்டும் சொல்லாதே ராஜா, அதை யாராலும் சொல்ல முடிகிறது. இந்த வயதில் டான்ஸ் ஒரு கேடா என்று வாய் ஓயாமல் என்னைக் கிண்டல் பண்ணு. நான் போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அம்மா,
ஆனி மாணிக்கராஜ்