காற்று இறங்கும் தெரு

என் அன்புக்கும் கோபத்துக்கும் உரிய அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. உங்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி சபைப் பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள். "அப்பா சாந்தமானவிய, ஒருத்தர்கிட்டயும் சண்டைக்குப் போனதில்ல. அத எழுதுங்க டீச்சர்" என்று எடுத்தும் கொடுத்தார்கள். சரியென்று காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நல்ல வார்த்தை வரவில்லை. வந்ததை எழுதி அனுப்புகிறேன், போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

எனக்கு உங்கள் மேல் கோபம் அப்பா. கல்லறைக்கு வரும்போதெல்லாம் அம்மா பக்கத்தில் நிற்கிறாள், அவள் முன்னால் உங்களைத் திட்ட முடியவில்லை. இங்கே திட்டுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாம் கோவில்பட்டிக்கு ஆராதனைக்குப் போவது ஞாபகம் இருக்கிறதா? பஞ்சு அரவை மில்லுக்கு நீங்கள் வேலைக்கு ஓட்டிப் போகும் அதே சைக்கிள். முன் பாரில் துண்டைச் சுற்றி அதன்மேல் தம்பி, பின்னால் கேரியரில் நான். நம் கீழத்தெருவிலிருந்து கழுகுமலை ரோட்டுக்குப் போக மேலத்தெரு ஒன்றுதான் வழி. அந்தத் தெருமுனை வந்ததும் நீங்கள் இறங்கிவிடுவீர்கள். எங்களையும் இறக்கிவிட்டு, "காத்து எறங்கிட்டு, தள்ளிக்கிட்டே போவோம்" என்பீர்கள். தெரு முடிந்து ரோடு வந்ததும் குனிந்து டயரை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்து, "இப்ப சரியாயிட்டு, ஏறுங்க" என்பீர்கள்.

எனக்கு எட்டு வயது. நான் நம்பினேன். அந்தத் தெரு மண்ணுக்கு அப்படி ஒரு குணம் என்று தம்பிக்கு விளக்கமும் சொன்னேன். கரிசல் மண் மழைக்குச் சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிறது, கோடையில் வாய் பிளந்து சக்கரத்தையே விழுங்குகிறது. அப்படிப்பட்ட மண் கொஞ்சம் காற்றையும் குடிக்கும் என்று ஒரு சின்னப் பிள்ளை நினைத்தால் அதில் என்ன அதிசயம்?

அந்த வருஷம் கிறிஸ்துமசுக்குப் பாவாடை வேண்டாம், அப்பாவுக்கு ஒரு பம்பு வாங்க வேண்டும் என்று அம்மாவிடம் அடம்பிடித்தேன். அம்மா என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு வாங்கித் தந்தாள். அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் வாங்கித் தந்தாள் என்று இன்றுவரை அவளைக் கேட்கவில்லை.

பம்பைத் துணிப்பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தேன். மேலத்தெருவில் நீங்கள் இறங்கியதும், "நில்லுங்கப்பா" என்று சொல்லி, நடுத்தெருவில் உட்கார்ந்து பின்சக்கரத்தில் பம்பை மாட்டிக் காற்றடிக்க ஆரம்பித்தேன். கைப்பிடி உள்ளே போக மறுத்தது. டயர் கல்லாக இருந்தது. எழும்பி எழும்பி என் பாரம் முழுவதையும் போட்டு அமுக்கினேன்.

அந்தத் தெருவின் பெரிய காரை வீட்டுக்காரர் தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏலே, புள்ளைக்கு நீ வெவரம் சொல்லிக் குடுக்கலையா? எவ்வளவு காத்து அடிச்சாலும் இங்கன ஒனக்கு எறங்கத்தான செய்யும்?" என்றார். பக்கத்து வீடுகளிலும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள் அப்பா. அதுதான் என்னால் மறக்க முடியாதது. சிரித்துவிட்டு, "போதும் தாயி, நெறஞ்சிட்டு" என்று என்னைத் தூக்கிவிட்டீர்கள். காற்று நிறைந்த சைக்கிளைத் தெருக்கடைசிவரை தள்ளிக்கொண்டே வந்தீர்கள்.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது. நம் தெருக்காரர்கள் அந்தத் தெருவில் சைக்கிளில் உட்கார்ந்து போகக்கூடாது. இறங்கித் தள்ளவேண்டும். மண்ணுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எனக்குப் புரிந்துவிட்டது என்று உங்களுக்கும் புரிந்தது. ஆனாலும் நாம் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

பேசுவதற்குப் பதிலாக நீங்கள் பாதை தேடப் போனீர்கள். அடுத்த மூன்று நான்கு ஞாயிறு மத்தியானம் அரிவாளும் கவைக்கம்புமாகக் கண்மாய்ப் பக்கம் போனீர்கள். கரையில் கிடந்த உடைமுள்ளையெல்லாம் ஒதுக்கி, ஓடை இறக்கத்தில் கல் பாவி, வெடிப்பு விழாத செம்மண் மேடாகப் பார்த்துப் பார்த்து ஒரு தடம் எடுத்தீர்கள். மழைக்காலத்துச் சகதி அடைக்காமல் இருக்க இரண்டு மட்கார்டையும் கழற்றி வைத்தீர்கள். ஊரைச் சுற்றிக்கொண்டு ஒன்றரை மைல் கூடுதல். ஒருநாள் எங்களை உட்கார வைத்து அந்தப் பாதையில் ஓட்டிக்கொண்டு போய், "இது பிள்ளைகளுக்குன்னே பாத்து எடுத்த பாதை. லாரி கெடையாது, நாய் கெடையாது, மூடாத கெணறு ஒண்ணு கெடையாது. காத்தும் எறங்காது" என்றீர்கள்.

சொல்லப்போனால் அது நல்ல பாதைதான், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கரைமேல் ஏறியதும் முகத்தில் காற்று அடிக்கும். தண்ணீரில் நாரை நிற்கும். ஓடையைத் தாண்டினால் ஈச்சம்பழம். பாதி வழியில் ஒரு வேப்பமரம், அதற்கு ரெயில்வே ஸ்டேஷன் என்று தம்பி பேர் வைத்தான், அங்கே நின்று தண்ணீர் குடிப்போம். நான் சைக்கிள் பழகியதும் அந்தக் கரையில்தான். ஒரு அவமானத்தை இவ்வளவு அழகாக யாராவது ஜோடித்துத் தருவார்களா? நீங்கள் தந்தீர்கள்.

தம்பிக்கு இன்னும் தெரியாது. அப்போது அவனுக்கு நாலு வயசு. கோயம்புத்தூரிலிருந்து போன மாதம் கடிதம் போட்டிருக்கிறான். தன் மகனுக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்திருக்கிறானாம், பிள்ளை பயமில்லாமல் ஓட்ட நம் கண்மாய்ப் பாதை மாதிரி ஒரு பாதையை அங்கே தேடிக்கொண்டே இருக்கிறானாம், கிடைக்கவில்லையாம். "அப்பா மாதிரி யாரு அக்கா பிள்ளைகளுக்காக இப்படிப் பாதை பாப்பாங்க?" என்று எழுதியிருக்கிறான். அவனுக்கு நான் என்ன பதில் எழுதுவது? சொல்லுங்கள்.

உங்கள் சவப்பெட்டியையும் அந்தப் பாதையில்தான் தூக்கிப் போனோம். யாரும் மறிக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. நாங்களாகவே கண்மாய்ப் பக்கம் திரும்பினோம். அம்மா, "அவிய பாதையிலேயே போகட்டும்" என்றாள்.

இனி என் வண்டவாளத்தையும் சொல்கிறேன். கோவில்பட்டியில் எனக்கு வேலை கிடைத்த நாளிலிருந்து நானும் கண்மாய்ப் பாதையில்தான் சைக்கிளில் போய் வருகிறேன். காற்று நன்றாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். தெருவும் கிணறும் எல்லோருக்கும் பொது, அப்படித்தான் சட்டம் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். சாயங்காலம் ஊரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன்.

உங்கள் பேத்தி சாராளுக்கு எட்டு வயது. தூத்துக்குடியில் வேலை பார்க்கும் அவள் அப்பா சின்ன சைக்கிள் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். என் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள், என் பின்னாலேயே ஓட்டி வருவாள். போன வாரம் பெய்த மழையில் கண்மாய் நிறைந்து மறுகால் போய் உங்கள் பாதை முழுவதும் தண்ணீருக்குள் போய்விட்டது. வேறு வழியில்லாமல் மேலத்தெரு வழியாகக் கிளம்பினோம். தெருமுனையில் நான் இறங்கிவிட்டேன். யாரும் சொல்லாமலே என் கால் இறங்கியது. அவளிடம் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை, அவள் மணியடித்துக்கொண்டு முன்னால் போய்விட்டாள்.

காரை வீட்டுக்காரர் இன்னும் அதே வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார். "ஏட்டி, இங்கன காத்து எறங்குமே, எறங்கு" என்றார். சாராள் ஒரு காலை ஊன்றி நின்றாள். குனிந்து முன்சக்கரத்தை அமுக்கிப் பார்த்தாள், பின்சக்கரத்தையும் அமுக்கிப் பார்த்தாள். "எறங்கலையே தாத்தா, கெட்டியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்துப் போய்விட்டாள்.

அந்த மனுஷர் நாற்காலியை விட்டு எழுந்து பார்த்தார். நான் தலையைக் குனிந்து என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவரைக் கடந்து போனேன். ரோட்டில் சாராள் காத்துக்கொண்டு நின்றாள். "நல்ல தாத்தாம்மா. காத்து எறங்கிட்டோன்னு பாத்துச் சொல்லுதாவ" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க ஏம்மா தள்ளிக்கிட்டு வாரீங்க? ஒங்க சைக்கிள்ல காத்து எறங்கிட்டா?"

ஆமா என்று சொல்லிவிட்டேன் அப்பா. குனிந்து டயரையும் அமுக்கிக் காட்டினேன்.

அன்றைக்கு முழுவதும் பள்ளிக்கூடத்தில் பாடம் ஓடவில்லை. முதலில் காரை வீட்டுக்காரர்மேல் கோபம், பிறகு உங்கள்மேல், கடைசியில் என்மேல். உங்களைப் போல ஆகிவிட்டேன் என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

மறுநாள் காரை வீட்டுக்காரரே ரோட்டோரம் என்னை நிறுத்தினார். "டீச்சர், ஒரு வார்த்த. புள்ள தெரியாமப் போயிட்டு, நான் ஒண்ணும் நெனக்கல. ஒங்க அப்பன் தங்கமான மனுசன். யாரும் அவன ஒண்ணும் சொல்லல, புள்ளைகளுக்குத் தோதா அவனாவே ஒரு பாதை பாத்துக்கிட்டான். லாரி கெடையாது, நாய் கெடையாது. தண்ணி வத்துனதும் அதுலயே போய்க்கோங்க. நாளப்பின்ன ஒங்க தெருப் புள்ளைக எல்லாம் அதுலயே போகட்டும். அதான் எல்லாருக்கும் நல்லது."

கேட்டீர்களா? எனக்கு 'ங்க', உங்களுக்கு 'ன்'. செத்த பிறகும் 'ன்'தான். லாரி கிடையாது, நாய் கிடையாது என்பது உங்கள் வார்த்தை அப்பா, அதை அவர் வாயிலிருந்து நான் கேட்க வேண்டியதாகிவிட்டது. எங்களுக்காக நீங்கள் வெட்டிய பாதையை அவர் எங்களுக்கு வேலியாகப் போட்டுவிட்டார். தெரு நெடுகப் பத்துப் பேர் நின்று மறித்திருந்தால்கூட இவ்வளவு சுலபமாக மறித்திருக்க முடியாது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், சாராள் பரணில் ஏறி எதையோ தேடி எடுத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பம்பு. பித்தளை கறுத்துப்போய் இருந்தது. "இத எண்ணெ போட்டு வச்சுக்கோங்கம்மா. இனிமே அந்தத் தெருவுல காத்து எறங்கிட்டுன்னா நான் அடிச்சுத் தாரேன்" என்றாள்.

அப்போதே அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை, சுற்றி வளைக்கவில்லை. அவள் கேட்டுவிட்டுப் பம்பின் கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். "அப்போ தாத்தா சைக்கிள்ல காத்து இருந்துச்சா?" என்றாள். இருந்தது என்றேன். "ஒங்க சைக்கிள்லயும்?" இருந்தது என்றேன். "பிறகு ஏன் பொய் சொன்னீங்க?" என்றாள். அதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா?

அடுப்படியிலிருந்து அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "ஒங்க அப்பாவும் ஒரு தடவ ஏறித்தான் போனாவ. நீ பொறக்கதுக்கு முந்தி. மொத சைக்கிளு, புதுசு. அத அப்படியே பிடுங்கி மேலத்தெருக் கெணத்துல போட்டாங்க. அவியளயும் போட்டிருப்பாங்க, கால்ல விழுந்து கூட்டியாந்தேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? காற்று இறங்கியது என்று எத்தனையோ தடவை சொன்னீர்களே, ஒரு தடவை ஏறிப் போனேன் என்று சொல்லியிருக்கக் கூடாதா? அந்த ஒரு வார்த்தை போதுமே அப்பா, நான் அதைப் பிடித்துக்கொண்டு வளர்ந்திருப்பேனே. சாந்தமானவர் என்று ஊரே எழுதச் சொல்கிறது. கிணற்றுக்குள் கிடக்கும் அந்தச் சைக்கிளைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நான் எழுதிவிட்டேன்.

உங்களுக்கு இருந்த பயம் எனக்கும் இருக்கிறது. நம் தெருவில் பாதிப் பேருக்கு மேலத்தெருக்காரர்கள் புஞ்சையில்தான் கூலி. சைக்கிளைக் கிணற்றில் போடுகிற கைகள் இன்னும் அந்தத் தெருவில் இருக்கின்றன. பிள்ளையை முன்னால் விடுவது சரியா என்று யோசித்துவிட்டேன். அவளை முன்னால் விடமாட்டேன், நான் முன்னால் போவேன். மேலத்தெரு வழியாகத்தான் போகப்போகிறோம் என்று அவளுடைய அப்பாவுக்கும் எழுதிப் போட்டேன், சனிக்கிழமை அவரும் சைக்கிளோடு வருகிறார்.

கண்மாய்ப் பாதையில் தண்ணீர் வடிந்துவிட்டது. நேற்றுப் போய்ப் பார்த்தேன், நீங்கள் பாவிய கல் ஒன்றுகூட நகரவில்லை. ஆசைப்படுகிறவர்கள் ஞாயிறு சாயங்காலம் ஈச்சம்பழம் பறிக்க அந்தப் பாதையில் போகட்டும், நானும் சாராளைக் கூட்டிக்கொண்டு போவேன். பள்ளிக்கூடத்துக்கு அது பாதை அல்ல.

திங்கட்கிழமை காலையில் மூன்று சைக்கிளுக்கும் அந்தப் பம்பால் காற்றடித்துவிட்டுக் கிளம்புகிறோம். மேலத்தெருவில் இறங்கமாட்டோம். முள் ஏறி நிஜமாகவே காற்று இறங்கினாலும் இறங்கமாட்டோம், வெறும் ரிம்மிலேயே தெருக்கடைசிவரை மிதிப்போம். ரிம்மு வளைந்தால் வளையட்டும் அப்பா.

இப்படிக்கு,
பம்பு வாங்கித் தந்த உங்கள் மூத்த மகள்