மாமா கையில் மூன்று

கம்பம்
மே 9

சுபாஸ்ரீயின் அப்பா கர்ணன் அவர்களுக்கு மாரீஸ்வரி எழுதுவது. இங்கே நானும் பிள்ளையும் உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று சாமியைக் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன்.

மனுப் போட்டுப் பார்க்க வந்தால் கம்பிக்கு அந்தப் பக்கம் நீங்கள் கத்துகிறீர்கள், இந்தப் பக்கம் நான் கத்துகிறேன், சுற்றி நிற்கிறவர்களும் கத்துகிறார்கள். ஒன்றும் காதில் விழுவதில்லை. விழுகிற கொஞ்ச நேரத்திலும் நீங்கள் எங்கள் அண்ணனைத் திட்ட ஆரம்பித்துவிடுகிறீர்கள். கடிதத்தில் அப்படிக் குறுக்கே பேச முடியாது. உங்களுக்கு முன்னால் சிறை அதிகாரிகள் இதைப் பிரித்துப் படிப்பார்களாம். படிக்கட்டும், எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை.

முதலில் தோட்டத்துச் செய்தி. வாழை குலை தள்ளிவிட்டது. கிழக்கோரம் சில மரங்கள் காற்றில் சாய்ந்தன, முட்டுக் கொடுத்திருக்கிறேன். நம்முடைய தண்ணீர் முறை வருகிற நாளில் நானே போய்ப் பாய்ச்சுகிறேன். கிணற்றடியில் அந்த இடத்தை மட்டும் மிதிக்காமல் சுற்றிப் போகிறேன். நம் முறை முடியுமுன் அண்ணன் வால்வைத் திருப்பியது தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக என் கூடப்பிறந்தவர் கழுத்துக்கு அரிவாளை வீசுவார்களா? அவர் இடது கையைத் தூக்கித் தடுத்ததால் இரண்டு விரலோடு போயிற்று. தடுக்காமல் இருந்திருந்தால் நீங்கள் இன்று கொலைக் கேசில் இருப்பீர்கள். அந்தக் கைக்கு நீங்கள் கும்பிடு போட வேண்டும். வாய்க்காலில் துழாவி அந்த விரல்களை எடுத்து, வாழை இலையில் மடித்துக்கொண்டு தேனி ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் நான். சேர்க்க முடியாது என்றுவிட்டார்கள்.

அடுத்தது சுபாஸ்ரீ. பால்வாடியில் ஒரு பையன் அவளை 'வெட்டுக்காரன் மகளே' என்று கூப்பிட்டிருக்கிறான். அவன் காதைக் கடித்துக் கிழித்துவிட்டாள். நான் போய்ப் பார்க்கும்போது வாயெல்லாம் ரத்தம். ஆத்திரத்தில் அடிக்கக் கை ஓங்கினேன். பிள்ளை அழவில்லை. இரண்டு கையாலும் கழுத்தை மூடிக்கொண்டு நின்றாள். அடிக்குப் பயந்த பிள்ளை கன்னத்தை மூடும், முதுகைக் காட்டும், இவள் எதற்குக் கழுத்தை மூடுகிறாள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

இந்தத் தெருவிலேயே வளர்ந்தால் இவளும் அரிவாளைத்தான் எடுப்பாள் என்று அன்றே முடிவு செய்தேன். கம்பம் டவுனுக்குள் இருக்கும் அந்தப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு மனுக் கொடுத்தேன். நன்கொடை வாங்க மாட்டார்கள், ஆனால் பிள்ளையைச் சோதித்து, பெற்றவர்களையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்டுத்தான் எடுப்பார்கள். திராட்சை வியாபாரிகள் கட்சிக்காரர் சிபாரிசோடு காரில் வந்து இறங்குகிறார்கள். நாம் யார் பெயரைச் சொல்வது? ஆனாலும் உங்கள் மகள் முதல் சுற்றில் தேறிவிட்டாள். அடுத்த சுற்றுக்கு அப்பாவும் வர வேண்டும், அவர் ஊரில் இல்லாவிட்டால் குடும்பத்து ஆண்பிள்ளை ஒருவர் வர வேண்டும் என்றார்கள். அப்பா கேரளாவில் ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிறார் என்று சொல்லி வைத்திருந்தேன்.

உங்கள் தம்பி வினோத்ராஜைத்தான் முதலில் கேட்டேன். பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு மதினி அம்புட்டுப் பெரிய பள்ளிக்கூடம் என்று சிரித்தான். வேறு போக்கில்லாமல் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றேன். அண்ணி என் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். அண்ணன்தான் மறுபடி கதவைத் திறந்து, தாய்மாமன் நான் உசுரோடதான இருக்கேன், என்னைக்கு வரணும்னு மட்டும் சொல்லு ஆத்தா என்றார்.

அது தெரிந்ததும் வினோத்ராஜ் குடித்துவிட்டு வந்தான். கதவை உதைத்துக் கொண்டியைப் பெயர்த்துவிட்டான். வெரலு போனவன் எங்க வீட்டுப் பிள்ளைக்குக் கார்டியனா என்று கேட்டு, சுபாவின் கையைப் பிடித்து இழுத்தான். அடுப்பிலிருந்து இறக்கி அப்போதுதான் வடித்த கஞ்சி பக்கத்தில் இருந்தது. கை தவறிக் கொட்டிவிட்டது என்று உங்கள் அம்மா உங்களிடம் சொன்னார்களாம். கை தவறவில்லை. குறி பார்த்துத்தான் அவன் காலில் ஊற்றினேன். நொண்டிக்கொண்டு ஓடும்போது, எங்கண்ணன் வெளிய வந்ததும் மிச்ச வெரலையும் எடுக்குறேன்னு சொல்லியிருக்காக என்று தெருவே கேட்கக் கத்தினான். நீங்கள் அப்படிச் சொல்லி அனுப்பினீர்களா இல்லையா என்று நான் கேட்கப்போவதில்லை. சொல்லியிருப்பீர்கள்.

மறுநாள் பள்ளிக்கூடம் போனோம். அண்ணன் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். உள்ளே பிரின்சிபல் அம்மாவும் தாளாளர் ஞானதுரையும் இருந்தார்கள். சுபா பாட்டுச் சொன்னாள், நிறம் சொன்னாள், எல்லாம் இங்கிலீஷில். கடைசியில் பிரின்சிபல் அம்மா, ஒரு கையில் எத்தனை விரல் என்று கேட்டார். சுலபமான கேள்வி. நான் மூச்சு விட்டேன். பிள்ளை மேசை மேலிருந்த மாமாவின் கையைப் பார்த்து, த்ரீ என்றாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டு, நல்லா எண்ணிப் பார் என்றார். சுபா அண்ணனின் இடது கையைத் தூக்கிப் பிடித்து எண்ணிக் காட்டினாள். மத்தவங்களுக்கு ஃபைவ், எங்க மாமாவுக்கு த்ரீ என்றாள்.

வாழைத்தார் வெட்டுறப்ப நானே போட்டுக்கிட்டதுங்கம்மா என்று அண்ணன் அவசரமாகச் சொன்னார். இல்ல மாமா, எங்கப்பாதான வெட்டுச்சு, வெரலு தண்ணியில போச்சு, அம்மா தேடி எடுத்துச்சு என்றாள் உங்கள் மகள். பாட்டுச் சொன்ன அதே குரலில் சொன்னாள்.

வெட்டு நடந்தபோது அவள் மோட்டார் ரூமில் தூங்கிக்கொண்டிருந்தாள் என்றுதானே நீங்களும் நானும் இதுவரை நம்பிக்கொண்டிருந்தோம்? தூங்கவில்லை. அவள் எதற்குக் கழுத்தை மூடினாள் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு விளங்கியது. எதிரில் இருந்தவர்களுக்காக இல்லாவிட்டால் வாய்விட்டு அலறியிருப்பேன்.

அதற்குமேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தாளாளர் மனுவை மூடி வைத்தார். பிறகு, பிள்ளை கெட்டிக்காரி, அதில் சந்தேகமில்லை, ஆனால் அந்த மனுஷன் வெளியே வந்து இந்த வாசலில் அரிவாளோடு நின்றால் மற்றப் பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்வது என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணன் எழுந்து நின்று, அவரு வரமாட்டாக சார், அதுக்கு நான் ஜாமீன் என்றார்.

வெட்டுப்பட்டவர் வெட்டியவருக்கு ஜாமீன் நிற்கிறார். இதை இரண்டு தடவை படியுங்கள்.

தாளாளர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் திறக்கும்வரை இடத்தை வைத்திருக்கிறேன், அதற்குள் பிள்ளையின் அப்பா கைப்பட ஒரு வரி எழுதித் தரட்டும் என்றார். இனி யார் மேலும் கை ஓங்க மாட்டேன் என்று எழுதினால் போதுமாம். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அண்ணன் கோர்ட்டில் சாட்சி சொல்லத்தான் போகிறார். மாற்றிச் சொல்லும்படி நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். தண்டனை வந்தால் அனுபவித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். ஆனால் அந்த ஒரு வரி எழுத உங்களால் முடியாது என்றால் இந்த வீட்டுப் பக்கம் வர வேண்டாம். பரண் மேல் கிடந்த இன்னொரு அரிவாளைச் சாணை பிடித்து வாசல் நிலையில் செருகி வைத்திருக்கிறேன். வினோத்ராஜ் வந்தாலும் நீங்கள் வந்தாலும் எனக்கு ஒன்றுதான். பிள்ளை பள்ளிக்கூடம் போகிற அன்று அதை நானே கிணற்றில் போட்டுவிடுவேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சுபா மாமா மடியில் உட்கார்ந்துகொண்டாள். அவருடைய மூன்று விரலோடு தன்னுடைய இரண்டு விரலை ஒட்டி வைத்து, ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணிக்கொண்டே வந்தாள். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அங்கே பேனா கொடுக்காவிட்டால் மனுப் போட்டுக் கேளுங்கள். யாரோடும் சண்டைக்குப் போகாதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். சாமி உங்களைக் காப்பாற்றட்டும், முக்கியமாக உங்கள் கையை.

இப்படிக்கு,
சுபாஸ்ரீயின் அம்மா
மாரீஸ்வரி