சமையலறைச் சுவர் போன்

அன்பு மகனுக்கு,

நம் தெருமுனை போன் பூத்தைப் பிடுங்கிவிட்டார்கள். பேப்பர் போடுகிறவனும் வருவதில்லை. நம் நெப்ராஸ்காவில் சோளக்காடும் உன் அப்பாவின் பிடிவாதமும்தான் அப்படியே இருக்கின்றன.

நம் சமையலறைச் சுவர் போனையும் எடுத்துவிடலாம் என்று போன் கம்பெனிப் பெண் ஒருத்தி வந்தாள். "இதுல யாரு சார் இப்பல்லாம் கூப்பிடுறாங்க?"

"ஏமாத்துக்காரப் பசங்கதான். அவனுங்களுக்கும் பேச ஆள் வேணாமா? அதுல கை வைக்காதம்மா," என்று உறுமினார் அப்பா.

அவரிடம் செல்போன் இருக்கிறது. அந்த நம்பர் உன்னிடம் இல்லை என்பதை அவளிடம் நான் ஏன் சொல்ல வேண்டும்?

போன ஞாயிறு இரவுச் சாப்பாட்டின்போது, முன்பெல்லாம் நீ கூப்பிடும் அதே நேரத்தில், போன் அடித்தது. கூப்பிடுவது யாரென்று காட்ட அதில் திரை ஏது? முழங்கால் வலியோடு அப்பா எழுந்து பாதி தூரம் போவதற்குள் நின்றுவிட்டது.

"ராங் நம்பரா இருக்கும்," என்றார். அப்புறம் சாப்பிடவே இல்லை.

மறுநாள் காலையில் பார்த்தால், அவருடைய நாற்காலி போனுக்கு அடியில் கிடக்கிறது. கேட்டால், "இங்கதான் வெளிச்சம் நல்லாருக்கு," என்கிறார்.

அங்கே பல்பு ஃப்யூஸ் போய் ஒரு மாதமாகிறது, கண்ணு. இந்த ஞாயிற்றுக்கிழமை, முதல் மணி அடித்ததுமே எடுத்துவிடுவார்.

உன் அம்மா