கல்லறைக்குக் கேட்ட சொல்

குருபோங், மலாக்கா

அன்புள்ள பியூலா,

தேவகிருபையால் நலமாயிருக்கிறேன். உன் முதுகுவலி குறைந்ததா?

இங்கே ஒரு சின்னச் சங்கடம். புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலை மெஷினில் சிக்கி டெரன்ஸ் என்ற வாலிபன் இறந்துபோனான். அவன் தாய் கேத்லீன் அக்கா என் வேதபாட வகுப்புக்கு வருகிறவர். ஏசாயா ஐம்பத்து மூன்றில், பாடுபட்ட தாசன் 'காண்பான்' என்று மட்டும்தான் வழக்கமான எபிரேயப் பிரதியில் இருக்கிறது; எதை என்று இல்லை. சாக்கடல் குகைகளில் கிடைத்த பழைய சுருள்களில் 'ஒளியைக் காண்பான்' என்றிருக்கிறது என்று வகுப்பில் சொல்லியிருந்தேன். அந்த வரியை மகன் கல்லறையில் பொறிக்கக் கேட்டார்.

சபைக் கமிட்டி கூடியது. "நம்ம பைபிள்ல அந்த வார்த்தை இருக்கா பாஸ்டர்? இல்லாதது வேணாம் லா" என்றார் செயலாளர். நான் இந்த நாட்டில் ஊழியம் செய்வதற்கான பெர்மிட்டைப் புதுப்பிக்கும் தாள் அவர் கையெழுத்துக்காக மேசையில் கிடந்தது.

"இல்லை" என்றேன். சுருளைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கேத்லீன் அக்கா அழவில்லை. "நீங்கதானே சொன்னீங்க பாஸ்டர், அதுதான் பழசுன்னு?" என்று மட்டும் கேட்டார். பெயரும் தேதியும் மட்டும் போட்டுக் கல் நட்டாயிற்று. அவர் இப்போது வகுப்புக்கு வருவதில்லை.

யாராவது இங்கே வந்தால் சுக்குப்பொடி கொடுத்தனுப்பு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நீயே கூப்பிடு. பிரசங்கம் எப்படி என்று மட்டும் கேட்காதே.

பெர்மிட் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கிடைத்துவிட்டது. பிள்ளைகளிடம் சொல்.

உன்
தேவசகாயம்